துபாயிலிருந்து வந்த காது

பார்சலை முதலில் இடது காதோரம் வைத்து ஒரு குலுக்கு. பிறகு வலது காதோரம் வைத்து ஒரு குலுக்கு. மூக்குக்கு நேரே பிடித்து ஒரு முகர்வு. கடைசியில் உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிட்டு, சுப்பம்மா படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கூவுகிறார்.

"ராஜேஸ்வரி! ஒனக்கு ஒரு சாமான் வந்திருக்கு! தளும்புது, ரோசாப்பூ வாசம் வருது. மூஞ்சிக்குப் பூசுற கிரீமுதான்! ஓடியா!"

ராஜேஸ்வரி ஓடித்தான் வருகிறாள். வராவிட்டால் இரண்டாவது கூவலில், அது எந்த நிறத்தை எந்த நிறமாக்கும் கிரீம் என்பதும் சேர்ந்து வந்துவிடும்.

கண்டி மஹய்யாவ மேட்டில் எங்கள் படிக்கட்டு ஒரு விசித்திரமான விலாசம். ஒரே இலக்கத்தில் நாலு வீடு இருக்கும். ஒரே வீட்டுக்கு இரண்டு இலக்கம் இருக்கும். கூரியர்காரர்கள் கொஞ்ச நாள் ஏறிப் பார்த்தார்கள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, அடியில் இருக்கும் முதல் வீட்டிலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். அந்த முதல் வீடு சுப்பம்மாவுடையது. இப்போது ஆட்கள் விலாசம் எழுதும்போதே 'சுப்பம்மா வீடு, படிக்கட்டு அடி' என்று எழுதிவிடுகிறார்கள்.

இந்தச் சேவைக்கு அவர் ஒரு சதமும் வாங்குவதில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். பார்சலை அவர் முன்னாலேயே பிரிக்க வேண்டும்.

"நான் என்னா திங்கவா போறேன்? கண்ணால பாத்தா போதும்."

நானும் தப்பவில்லை. ஒருநாள் காலை, பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தின் நடுவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒங்களுக்கு டை வந்திருக்கு. கறுப்புதானே? பாத்துப் பூசுங்க, வேர்த்தா நெத்தியில வழியும்." அன்று கண்டி நகரம் வரைக்கும் பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் என் தலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

சுப்பம்மா விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். முன்பு மாநகரசபையில் தெரு கூட்டினார், குப்பை லொறியோடு போனார். அந்த லொறியை ஓட்டியவர் வீரய்யா. மேலே மூன்றாவது வீட்டில் தனியாக இருக்கிறார், மனைவி காலமாகிவிட்டார். எத்தனையோ வருஷம் அந்த எஞ்சின் சத்தத்தோடு இரண்டு பேரும் மல்லுக்கட்டியதில், வீரய்யாவின் காது போய்விட்டது. சுப்பம்மாவின் தொண்டை வளர்ந்துவிட்டது. வீரய்யாவிடம் எதைச் சொன்னாலும் "சரி சரி" என்று சிரிப்பார். சுப்பம்மா அவர் முகத்துக்கு நேரேயே, "கெழட்டுக் கழுதை, சுவெட்டர் போட்டியா?" என்பார். அதற்கும் சரி சரிதான்.

வீரய்யாவின் மகள் ஞானேஸ்வரி துபாயில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுப்பம்மாவின் போனுக்கு வீடியோவில் வருவாள். மகள் அங்கே கத்துவாள். சுப்பம்மா அதை இன்னும் பெரிதாக இங்கே கத்துவார். அப்பா மகளின் முகத்தைத் தடவிக்கொண்டு சம்பந்தமே இல்லாமல், "இங்க நல்ல மழை" என்பார். ஒரு ஞாயிறு அவள் அழுதுவிட்டாள். "அத்தே, அப்பாவோட பேசுறேன்னு பேருதான். என் கொரலு எப்பிடி இருக்கும்னே அவருக்கு மறந்திருக்கும்."

அதற்குப் பிறகுதான் இரண்டு பேருமாகச் சதி செய்தார்கள். பிரஷர் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி வீரய்யாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், காதைச் சோதித்து, அந்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினார் சுப்பம்மா. ஞானேஸ்வரி லீவு நாளிலும் பக்கத்து வீடுகளில் துணி தேய்த்து, மிச்சம் பிடித்து, காது மெஷின் வாங்கினாள். "அப்பாவுக்குத் தெரிய வேணாம் அத்தே. யாருக்குமே சொல்லிராதீங்க." சுப்பம்மா சொல்லவில்லை. வாய்க்குள் சுடுகிழங்கை வைத்துக்கொண்டு நடமாடுகிறவர்போல அந்த நாட்களில் அவர் பட்ட அவஸ்தையைப் பார்த்துவிட்டு, ஏதோ பல்வலி என்றுதான் நான் நினைத்தேன்.

பார்சல் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தும், பழக்கம் விடவில்லை. குலுக்கினார், முகர்ந்தார், ஆட்டினார். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"வீரய்யாண்ணே! துபாய்ல இருந்து ஒங்க மக அனுப்பியிருக்கா! கையளவுதான் இருக்கு, ஆனா வெல ஒசந்த சாமான்! என்னான்னு மட்டும் கேக்காதீங்க!"

கேட்க வேண்டியவருக்குக் கேட்கவில்லை. மற்ற எல்லோருக்கும் கேட்டது. பார்சலை வாசல் கதிரையில் வைத்துவிட்டு, அடுப்பில் இருந்த இடியப்பத்தை இறக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது கதிரை இருந்தது, பார்சல் இல்லை.

தேடாத இடம் இல்லை. அரிசிமா வாளிக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு பேச்சு. "கூரியர்காரன் உண்மையிலேயே வெச்சானா?" "வெச்சான், அக்காதானே கையெழுத்துப் போட்டுச்சு." "அப்போ அக்கா வீட்டுக்குள்ளதானே போயிருக்கணும்." மேல்வீட்டுப் பேச்சியம்மா மட்டும் சுப்பம்மாவின் அலுமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைதான் சுப்பம்மாவைக் கொன்றது. ஊருக்கெல்லாம் விலாசமாக இருந்த வீடு ஒரு காலைப்பொழுதில் திருட்டு வீடாகிவிடப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானேஸ்வரி போனில் வருவாள். "அப்பா காதுல மாட்டியாச்சா அத்தே?" என்று கேட்பாள். என்ன சொல்வது?

பொலிசுக்குப் போகலாம் என்றேன் நான்.

"பொலிஸ் வந்தா மொதல்ல எங்க வீட்டத்தான் பொரட்டுவான் தம்பி. சாமான் கெடைக்காது. என் மானந்தான் போகும்."

அப்படியே கதிரையில் உட்கார்ந்தார். அழுதார். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஆனால் கண்ணைத் துடைத்த கையோடு அவர் முகத்தில் ஒரு களை வந்ததே, அதைப் பார்த்ததும் வருத்தம் போய்ப் பயம் வந்துவிட்டது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வீரய்யாவின் வாசலுக்கு ஏறிப் போனார். படிக்கட்டின் நட்டநடுவில் நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"அண்ணே! வந்தது காது மெஷின் அண்ணே!"

"சரி சரி," என்றார் வீரய்யா.

"சும்மா மெஷின் இல்ல! பெட்டிக்குள்ள இருந்தே எல்லாத்தையும் கேக்கும்! பச்ச லைட்டு ஒண்ணு மினுங்கும். மினுங்கிச்சுன்னா கேட்டுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்! கேக்குறதெல்லாம் அப்பிடியே துபாய்க்குப் போயிரும்!"

"இடியப்பம் வேணாம் தங்கச்சி. காலைலயே சாப்பிட்டேன்."

"இப்பதான் ஞானேசு பேசினா அண்ணே! 'யாரோ பேசுறாங்க அத்தே, ஒரு ஆம்பளக் கொரலு, ஒரு பொம்பளக் கொரலு. இன்னும் ரெண்டு வார்த்த பேசினா ஆளப் புடிச்சிருவேன்'ங்குறா!"

வீரய்யா மனநிறைவோடு சிரித்தார். பச்சை லைட் உண்மை. சார்ஜ் இருந்தால் மினுங்கும் என்று ஞானேஸ்வரியே சொல்லியிருக்கிறாள். மற்றதெல்லாம் சுப்பம்மாவின் சொந்தச் சரக்கு. ஆம்பளைக் குரல், பொம்பளைக் குரல் என்றதும் அப்படித்தான். படிக்கட்டில் எந்த வீட்டில்தான் அவை இரண்டும் இல்லை?

பொழுது சாய்ந்ததும், "தம்பி, கொஞ்சம் வாங்க, நடந்துட்டு வருவோம்," என்று என்னைக் கூப்பிட்டார். அது எங்கள் படிக்கட்டில் சத்தம் உச்சத்துக்குப் போகும் நேரம். ஒரு வீட்டில் நாடகம், ஒரு வீட்டில் குக்கர் விசில், குழாயடியில் வாளிச் சண்டை, கீழே மாத்தளை ரயில் சுரங்கத்துக்குள் நுழைகிற ஊதல். சுப்பம்மா ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிமிஷம் நிற்பார், தலையாட்டுவார், மேலே ஏறுவார். எதைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கறுப்பையா வீட்டு வாசலில் வந்து நின்றதும் விளங்கியது.

கறுப்பையா திரீவீல் ஓட்டுகிறவர். பெயரை நான் மாற்றியிருக்கிறேன். மாற்றியும் பிரயோசனம் இல்லை, எங்கள் ஆட்களுக்குத் தெரிந்துவிடும். அவரும் மனைவி அழகம்மாவும் தினம் அந்த நேரத்துக்குச் சண்டை போடுவார்கள். அதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டில் உலை வைப்பார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. டீவி அணைந்திருந்தது. கறுப்பையா கட்டைவிரலை வாய்க்குக் காட்டித் தேத்தண்ணி கேட்டார். அழகம்மா இரண்டு கையையும் விரித்துச் சீனி இல்லை என்று காட்டினார். அலுமாரிக்கு மேலே இரண்டு தலையணையும் ஒரு கம்பளியும் சேர்த்துக் கறுப்பையாவின் சாரத்தால் இறுக்கிக் கட்டிய ஒரு பெரிய மூட்டை உட்கார்ந்திருந்தது.

சுப்பம்மா வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவசரமே இல்லை.

"என்னா கறுப்பையா, சத்தத்தையே காணோம். தொண்ட கட்டிருச்சா?"

கறுப்பையா தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினார்.

"அழகம்மா, ஒனக்கும் கட்டிருச்சா?"

அழகம்மாவும் தலையாட்டினார்.

"அடப் பாவமே. ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும்." கொஞ்ச நேரம் உச்சுக்கொட்டினார். பிறகு ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, "ஆமா அழகம்மா, கம்பளையில இருக்குற ஒங்கம்மாவப் பத்தி இவன் நேத்து ஸ்டாண்டுல நின்னு என்னா சொன்னான்னு ஒனக்குத் தெரியுமா?"

அழகம்மாவின் கண் பிதுங்கியது. வாய் திறந்தது, மூடியது. கறுப்பையா இல்லை இல்லை என்று இரண்டு கையாலும் காற்றைத் துடைத்தார். அழகம்மா அகப்பையை எடுத்தார். அன்று நான் பார்த்ததுபோல ஒரு சண்டையை இனிமேல் பார்க்கப்போவதில்லை. அகப்பை முதுகில் விழுகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அடித்தவரும் கத்தவில்லை, வாங்கியவரும் கத்தவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே திரும்பிவிட்டேன்.

சுப்பம்மா ஆசைதீரப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"அந்த மெஷினுக்குக் காதுதான் இருக்கு, கண்ணு இல்ல," என்றார். குரலில் இப்போது குத்தல் இல்லை. "எந்த வீட்டுல இருந்து வந்துச்சுன்னு அது பாக்காது. நான் போய் அடுப்படியில கொஞ்சம் வேல பாக்கப்போறேன். வாசக் கதவு தெறந்துதான் கெடக்கும்."

போனார். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவின பாத்திரங்களையே மறுபடியும் கழுவினார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பினபோது கதிரையில் மூட்டை இருந்தது, தலையணையும் கம்பளியும் சாரமுமாக.

மறுநாள் தலையணைகளையும் கம்பளியையும் சாரத்தையும் மடித்து, மேலே ஒரு பொதி இடியப்பம் வைத்து, அழகம்மாவின் கையில் கொடுத்தார். பார்சல் எப்படித் திரும்பி வந்தது என்று பேச்சியம்மா கேட்டதற்கு, "பூன கொண்டாந்து வெச்சுச்சு," என்றார். எவ்வளவு குடைந்தும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஞானேஸ்வரி போனில் வந்து, எதை எந்தக் காதில் வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மெஷின் காதில் ஏறியதும் வீரய்யா திடுக்கிட்டு நிமிர்ந்தார். முதலில் காகம். அடுத்தது சுப்பம்மா.

"என்னாண்ணே, கேக்குதா?"

"ஏன்டி இப்பிடிக் கத்துறே? எப்பவுமே இப்பிடித்தானா?"

கூட்டம் சிரித்தது. போனுக்குள் இருந்து, "அப்பா," என்று ஒரு குரல் வந்தது. வீரய்யா போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார், முகத்தைப் பார்க்கவே மறந்துவிட்டார். "இன்னொரு தரம் கூப்பிடும்மா," என்றார். அவள் கூப்பிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்காதவர் அங்கே யாரும் இல்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற கறுப்பையா, வந்த சுவடு தெரியாமல் நுனிக்காலில் படியேறிப் போய்விட்டார்.

போன் வைத்தாகிவிட்டது. எல்லோரும் கலைந்தார்கள். சுப்பம்மாவும் நாலு படி இறங்கினார், பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி ஏறினார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். துபாய்க் கதையைக் கட்டிவிட்டவரே அவர்தான். இருந்தாலும் குனிந்து, சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு, வீரய்யாவின் காது மெஷினுக்குள் சொல்லத் தொடங்கினார். அவருக்கு அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"ஞானேசு, ஒங்கப்பா நேரத்துக்குச் சாப்பிடுறாரு. பனிக்கு சுவெட்டர் போட்டுக்கிறாரு. நாங்க இத்தன பேரு இருக்கோம், அவரத் தனியா விட்டுருவோமா? நீ ஒண்ணுக்கும் கவலப்படாத மகளே."

வீரய்யா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும், மெல்லத் தலையைத் திருப்பி, மற்றக் காதையும் அவர் பக்கம் நீட்டினார்.