ஒற்றை விரலால் நகர்ந்த வள்ளம்

விண்வெளியில் ஒரு லொறி மிதந்தால் அதை ஒற்றை விரலால் தள்ளலாம் என்று பல வருடமாக விஞ்ஞானப் பாடத்தில் சொல்லி வருகிறேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். எனக்கும் அதில் ஒரு கர்வம். வீட்டில் கணவரிடமும் அதே கதையை அவிழ்த்துவிட்டேன். அவர் நம்பவில்லை.

போன மாதம் கடல்வழியே மூதூருக்குப் போவதற்காக இருவரும் படகுத்துறை ஜெட்டியில் நின்றோம். லொறியைவிடப் பெரிய பயணிகள் வள்ளம் ஒன்று தளர்ந்த கயிற்றில் கிடந்தது.

"லொறிக்கு எங்கை போறது? இதைத் தள்ளிப் பாருங்கோ," என்றேன். அதன் பாரத்தைத் தண்ணீர் தாங்குகிறது, விண்வெளியில் மிதக்கிற மாதிரித்தான் என்று விளக்கமும் சொன்னேன்.

அவர் ஜெட்டி விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, வள்ளத்தின் பக்கத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு இடையில் ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது.

"ஓம், போகுதுதான்," என்று சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ஒரு கப்பல் கடந்து போக, அதன் அலை வள்ளத்தைத் திருப்பி அனுப்பியது. மெதுவாகத்தான் வந்தது.

"காலாலை நிப்பாட்டுங்கோ," என்றேன். சொன்னது நான்தான்.

அவர் காலை நீட்டி மிதித்துப் பிடித்தார். வள்ளம் நிற்கவில்லை. முழங்கால் மடங்கி, பாதம் வள்ளத்துக்கும் ஜெட்டிச் சுவருக்கும் நடுவே வழுக்கி இறங்கியது. பின்னால் நின்ற, என்னைத் தெரிந்த வள்ளக்காரர் பாய்ந்து வந்து, அவரை அக்குளில் பிடித்து இழுத்தார். செருப்பு மட்டும் உள்ளே சிக்கி நசுங்கியது.

"தண்ணியிலை வாறதைக் காலாலை மறிக்கேலாது, டீச்சர்," என்றார், திட்டாமல்.

மிதக்கும்போது பாரம்தான் தெரியாமல் போகிறது, உள்ளிருக்கும் பொருளின் அளவு, அந்தத் திணிவு, அப்படியே இருக்கிறது. நகர்த்த எவ்வளவு பாடோ, நிறுத்தவும் அவ்வளவு பாடு; ஒரே மிதியில் நிற்காது. இது எனக்குத் தெரியாததா? பரீட்சையில் இதற்குப் புள்ளி போடுகிறவள் நான்.

கணவர் முகம் வெளுத்து, வெறுங்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீர் சொன்னது சரிதான்," என்றார். "தள்ளுறதுக்கு ஒரு விரல் காணும்."

கிண்டலாகச் சொல்லவில்லை. இப்போதும் என்னை நம்பித்தான் சொன்னார். நான் அவருடைய கால்விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தும் இருந்தன. திரும்பவும் எண்ணினேன்.