உரசாத டயர்

இன்றைக்கு என் பெயரில் பதினாறு வண்டி ஓடுகிறது. எந்த வண்டிக்கு எந்த அளவு டயர் என்று கடைக்காரனே என்னிடம் போன் போட்டுக் கேட்பான். படிப்பு ஆறாவதோடு சரி. அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு வாசலுக்கு முதன்முதலாகப் பெரிய டயர் நான்கு வந்து இறங்கியபோது, அதைப் பற்றி நான் சொன்ன ஒரே ஒரு பேச்சு இருக்கிறதே, அதற்கு மட்டும் இன்னமும் வெட்கப்படுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். அப்பாவிடம் ராணுவத்தில் ஏலம் விட்ட ஜீப் ஒன்று இருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. காலையில் ஐஸ் ஏற்றிக்கொண்டு பட்டினப்பாக்கம் போவார். மணலில் இறங்கிப் படகு வரைக்கும் போய் ஐஸை இறக்கிவிட்டு, மீனை ஏற்றிச் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் சேர்ப்பார். லாரி போகாத மணலில் எங்கள் ஜீப் போகும். எங்கள் சோறு அதில்தான்.

மணலில் இறங்க ஒரு முறை உண்டு. ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தி, டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும். டயர் சப்பையாகப் பரந்துகொள்ளும், மணலில் புதையாது. திரும்பி ரோடு ஏறியதும் கைப்பம்பால் மறுபடி காற்று அடிக்க வேண்டும். லீவு நாளில் குச்சியால் வால்வை அழுத்திக் காற்றை விடுவது என் வேலை. “அம்பது எண்ணு பாப்பா” என்பார் அப்பா. பள்ளிக்கூடத்தில் வராத கணக்கு எனக்கு வால்வில் வந்தது.

அந்த வருஷம் மழை நெருங்குகிற சமயத்தில் அப்பா காற்று இறக்குவதையே விட்டுவிட்டார். கேட்டால் நேரமில்லை என்றார். ஒரே வாரத்தில் இரண்டு தடவை வண்டி அச்சு வரைக்கும் மணலில் உட்கார்ந்தது. படகுக்காரர்களில் பெரியவர் ஒருவர் இருந்தார், அவர் சொன்னால் அந்தக் கரையில் மறுபேச்சு கிடையாது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“நைனா, ஐஸு கரையுது. நீ மணல்ல குந்திகினு கீற. இன்னொரு தபா மாட்டுச்சுன்னா மழை சீசனுக்கு வேற வண்டி பாத்துக்குவோம்.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜீப் போனால் நாங்கள் என்ன ஆவோம் என்று வகுப்பில் உட்கார்ந்து அதையே யோசிப்பேன். வாத்தியார் கேள்வி கேட்டால் “மணல்” என்று பதில் சொல்லி அடி வாங்கினேன்.

சேதி அம்மாவின் அண்ணனுக்குப் போனது. மாமா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். வியாழக்கிழமை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் நான்கு டயரைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்து சேர்ந்தார்.

“அந்த ஆறு பதினாறு சின்ன டயரைக் கழட்டிக் கடாசு மாப்ளே. இது ஏழரை பதினாறு சைஸு. வண்டி ரெண்டு மூணு விரக்கட ஒசந்து நிக்கும். காத்து எறக்க வாணாம், ஏத்த வாணாம். கப்பல் கணக்கா போவும்.”

“ஏழரைய நாமளே வூட்டுக்குக் கூட்டியாந்து பூஜ போடணுமா?” என்றாள் அம்மா, இரண்டு தம்ளர் டீயை அண்ணன் கையில் கொடுத்தபடி.

மாமா அதில் ஒரு தம்ளரை அப்பாவிடம் நீட்டினார். அப்பா இடது கையால் வாங்கினார். மாமாவின் முகம் சுருங்கிப்போனது. பெண் கொடுத்த வீட்டு ஆளிடம் இடது கையில் வாங்குவதா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் எங்கள் வீட்டில் டயரைத் தவிர வேறு பேச்சில்லை. கியர் இழுக்காது என்றார் அப்பா. ஒரு கியர் குறைச்சு ஓட்டு என்றார் மாமா. அச்சு உடையும் என்றார் அப்பா. உடைந்தால் நான் மாற்றித் தருகிறேன் என்றார் மாமா. சனிக்கிழமை அப்பா, “ஸ்டீயரிங் கனமாய்டும் மச்சான்” என்றார், மெதுவாக. மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஐஸு பாளத்தையே ஒத்தக் கையில தூக்கன ஆளு. ஸ்டீயரிங்குக்குப் பயப்படறியா? சொல்லு, வளையல் வாங்கியாரேன்.”

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்கும் வந்தது, அதுதான் வேதனை. வாசலில் அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்து, அப்பா சரி என்று சொல்லவேண்டும் என்று கபாலி கோயில் கோபுரம் இருக்கும் திசையில் கும்பிட்டேன். பயந்தாங்கொள்ளி மகளாக இருக்க எனக்கு இஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவே சந்தில் ஜாக்கி வைத்து நான்கையும் மாட்டி, ரோடு முடிகிற இடம் வரை ஓட்டி வந்தார். கரையில் பெரியவர் காத்திருந்தார். அப்பா ஏறும்போது இடது கையால் கம்பியைப் பிடித்து இரண்டு முறை எம்பித்தான் ஏறினார். பக்கத்தில் நான். மாமா கீழே நின்று பார்த்தார்.

வண்டி மணலில் இறங்கியது. காற்று இறக்காமலே சறுக்கிக்கொண்டு போனது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. எதிரே வலை காயப்போட்டிருந்தார்கள், வலப்பக்கம் திருப்ப வேண்டும். வண்டி திரும்பவில்லை. அப்பாவின் இடது கை நரம்பு புடைக்க இழுக்கிறது. வலது கை ஸ்டீயரிங்மேல் சும்மா கிடக்கிறது. வலை கிட்டே வந்துவிட்டது. நின்றால் பெரியவர் எதிரிலேயே புதையும்.

“பாப்பா, ஒரு வெளாட்டு. ரெண்டு கையாலயும் புடி. மேல தள்ளு.”

தள்ளினேன். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். வலையின் ஓரத்தைத் தொடாமல் வண்டி வளைந்து திரும்பியது. பதினோரு வயதில் மணலில் ஏழரை டயரைத் திருப்பியவள் இந்த மெட்ராஸில் வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

அப்பா சட்டை முழுக்க வேர்வை. நிறுத்தியதும், ஓடி வந்த மாமாவிடம் சொன்னார்: “உரசுது மச்சான். திருப்பினா மட்கார்டுல உரசுது. கழட்டிரு.”

மாமா குனிந்தார். டயரை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை.

“உரசவே இல்லியேப்பா” என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “நான்தானே திருப்பினேன்?”

பெரியவர் சிரித்தார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. குந்தியிருந்த மாமா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். பிறகு அப்பாவின் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“உரசுது. உள்பக்கம் கோடு வுழுந்துகீது. உனுக்கு இன்னா தெரியும், போய்த் தண்ணி கொண்டா” என்றார் என்னிடம்.

அப்பாவும் மாமாவும் சேர்ந்து பொய் சொன்னதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

மறுநாளே மாமா பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்தார். அதே டயர், அதே ஜீப். ஸ்டீயரிங்கில் மாமா உட்கார்ந்தார், பக்கத்து சீட்டில் அப்பா. இப்போது எதுவும் உரசவில்லை. மழை சீசன் எங்களுக்கே நின்றது. உரசுது உரசுது என்று சொல்லி அப்பாவின் வண்டியைப் பிடுங்கிக்கொண்டார் என்று நான் முடிவு கட்டினேன். சீசன் முழுக்க மாமாவிடம் பேசவில்லை.

அப்பாவின் வலது தோளில் இருந்து பலம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது, அம்மாவைத் தவிர யாருக்கும் அவர் சொல்லவில்லை. இது எனக்குத் தெரிய நான்கு வருஷம் ஆனது. சின்ன டயருக்குப் பம்பு அடிக்கக் கை வேண்டும். பெரிய டயருக்குத் திருப்பக் கை வேண்டும். அதுதான் அவர் மூன்று நாள் யோசித்த யோசனை.

அந்த சீசனில் லீவு நாளில் நானும் கூடப் போவேன். கரையோரக் கடையில் ஜீப்பை நிறுத்தி மாமா எனக்கு ஒரு பன் வாங்குவார். அவர் கையால் நான் வாங்கமாட்டேன். அதனால் அதை அப்பாவிடம் கொடுப்பார், அப்பா இடது கையால் எனக்கு நீட்டுவார். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“சோத்துக் கையால குடுக்கணும்னுகூடத் தெரியாதாப்பா?”

மாமா ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தார். அப்பா சிரித்துக்கொண்டே பன்னை என் மடியில் வைத்தார். மரியாதை கற்றுக்கொடுத்துவிட்ட பெருமையில், நான் கடலைப் பார்த்தபடி அதைத் தின்றேன்.