பஜ்ஜி எண்ணெயில் ஓடும் கப்பல்

மருதமுத்து அண்ணனின் மூக்கை மீறி எங்கள் பேக்டரியிலிருந்து ஒரு மூட்டைத் தேயிலைத் தூள் வெளியே போகாது. நீலகிரியில் நடுவட்டத்துப் பக்கம் இருக்கிற இந்த பேக்டரிக்கு அவர்தான் டீமேக்கர், தூளின் பக்குவம் பார்க்கிறவர். தூள் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், மூட்டை கட்டும் அறைக்குள் மல்லிகைப் பூ கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. ஆபீஸில் கணக்கு எழுதுகிற என்னையே ஒருநாள், கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு வந்தேன் என்று வாசலோடு திருப்பி அனுப்பினார்.

விலை விழுந்து கிடந்த நேரம். பேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. அப்போது ஐரோப்பாவிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. கிடைத்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆனால் வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பழைய சமையல் எண்ணெயில் செய்த எரிபொருளுக்கு மாறிய கப்பல் கம்பெனி வழியாகத்தான் சரக்கு போக வேண்டும். அப்படி மாறுகிறவர்களுக்கு அங்கே அரசாங்கம் சலுகை கொடுக்கிறதாம்.

"பஜ்ஜி சுட்ட எண்ணெயிலயா? தூளு பூரா பலகாரக் கடை நாத்தம் அடிக்குமுங்க!" என்று அண்ணன் ஒரேயடியாக மறுத்தார். முதலாளி அவர் மூக்கைச் சாமியாக நம்புகிறவர். ஒப்புதல் அனுப்பாமல் நிறுத்தி வைத்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. கொச்சியில் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பெண் ராஜப்ரியாவுக்கு போன் போட்டு, அண்ணனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"எண்ணெய் என்ஜினுக்குத்தானுங்க போகுது, கன்டெய்னருக்குள்ள வராது. அதுவும் உங்க சரக்கு போற கப்பல்லயே ஊத்தணும்னு இல்லீங்க. வேற கப்பல்ல எரிச்சாலும் அந்தக் கணக்க உங்க பேர்ல வரவு வெச்சுக்குவாங்க."

"அப்ப நம்ம தூளு போற கப்பல்ல?" என்றார் அண்ணன்.

"வழக்கமான எண்ணெயா இருக்கலாமுங்க."

"அப்பறம் எதுக்குங்க சலுகை?"

அவள் இன்னொரு முறை விளக்கினாள். அண்ணன் முழித்தார். எனக்கும் தலை சுற்றியது. கடைசியில், அந்த எண்ணெயில் ஒரு பாட்டில் அனுப்பினால் மோந்து பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

பாட்டில் வந்து சேர்வதற்குள் ஆர்டர் வேறு நாட்டுத் தூளுக்குப் போய்விட்டது. அண்ணன் பாட்டிலைத் திறந்து மோந்தார். பஜ்ஜி வாசம் துளியும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போய், பாவமாகிவிட்டது.

பேக்டரியை மூடும் சேதியை மூட்டை கட்டும் பெண்களிடம் அவரே போய்ச் சொன்னார், நடந்ததையும் மறைக்கவில்லை. அவர்களில் ஒருத்தி, வீரம்மா, கேட்டாள்.

"ஏனுங்க, எண்ணெய் எரியறது ஒரு கப்பல்ல. தூளு போறது வேற கப்பல்ல. நடுவுல எங்க வேலை எப்படிங்க போச்சு?"