சக்கரத்தடியில் சுண்டைக்காய்

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் பொட்டு வைக்கும் வேலை என்னுடையது. ஒரு கையில் சந்தனம், மறு கையில் குங்குமம் என்று காலையிலிருந்து நான் செய்யும் அட்டகாசத்துக்கு அளவே இருக்காது. அப்பாவின் ஆட்டோவில் ஆரம்பித்து மிக்சி, கேஸ் அடுப்பு, டிவி, என் சைக்கிள் என்று போய், ஒரு வருஷம் பல் துலக்கும் பிரஷ்களுக்கும் வைத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். "ஒண்ணு உடாம வெச்சுப்போடு அம்மிணி" என்பார் அப்பா. மார்டள்ளி என்கிற தமிழ்க் கிராமத்திலிருந்து மைசூருக்கு வந்து பதினைந்து வருஷமாகியும் அவர் பேச்சு மட்டும் பஸ் ஏறவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. சொன்னதைச் சொன்னபடியே செய்கிற வயது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். பகலில் மருந்துக்கடையில் வேலை. சாயங்காலம் வந்ததும் முன்னறை மூலையில் உட்கார்ந்து குட்டி விமானங்கள் செய்வாள். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, கடைசியில் நிறமில்லாத வார்னிஷ் பூசுவாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் பொம்மை செய்கிறாளே என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

அந்த வருஷம் ஒரு கணவனும் மனைவியும் வந்து ஒரு போட்டோவைக் கொடுத்து, அதிலிருந்த விமானத்தை அப்படியே செய்து தரச் சொன்னார்கள். விமானத்தின் மூக்கில் கையை வைத்தபடி ஓர் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தை இரண்டு மாதம் அதனோடு மல்லுக்கட்டினாள். வாலில் இருந்த எண்களை மட்டும் நான்கு முறை அழித்து எழுதினாள். "இதுல ஒரு சின்னக் குத்தங்கூட இருக்கப்படாது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். வேறெந்த விமானத்துக்கும் அவள் இவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் வார்னிஷைத் தெளித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும் என்று கையாலேயே பூசினாள். அகலமான மெல்லிய பிரஷ். மூக்கிலிருந்து வால் வரை ஒரே இழுப்பு, போன இடத்துக்குத் திரும்பி வரக் கூடாது. ஃபேனை நிறுத்திவிடுவாள். எனக்குத் தும்மல் வந்தால் நான் வாசலுக்கு ஓடிவிட வேண்டும். முடிந்ததும் தூசி விழாமல் துணி அலசுகிற நீல டப்பைக் கவிழ்த்து மூடுவாள். கடைசிப் பூச்சு பூஜையன்று காலையில் நடந்தது. சாயங்காலம் அவர்கள் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

அத்தை குளிக்கப் போனாள். பொட்டு வைத்துக்கொண்டே வந்த என் கண்ணில் அந்த டப் பட்டது. ஊரில் இருக்கிற அத்தனை வண்டிக்கும் பூஜை நடக்கிறது, விமானம் மட்டும் என்ன பாவம் செய்தது? டப்பைத் தூக்கினேன். மூக்கில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அடுத்து எலுமிச்சம்பழம். பூஜை போட்ட வண்டி பழத்தை நசுக்கிவிட்டுத்தானே நகர வேண்டும். ஆனால் இந்தச் சக்கரமோ சட்டைப் பொத்தான் அளவு. அம்மா குழம்புக்கு வைத்திருந்த சுண்டைக்காயில் மூன்றை எடுத்து வந்து மூன்று சக்கரங்களுக்கும் முன்னால் வைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு டப்பைக் கவிழ்த்தேன்.

மதியம் அத்தை டப்பைத் தூக்கினாள். ஈர வார்னிஷில் குங்குமம் கரைந்து, மூக்கிலிருந்து வயிறு வரை சிவப்பாக வழிந்து உறைந்திருந்தது. அத்தை கத்தவில்லை. டப்பைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அடித்திருந்தால்கூடத் தேவலை. அந்தக் குறையை அம்மா தீர்த்துவைத்தாள், முதுகில் இரண்டு. அத்தை பஞ்சை நனைத்து ஒற்றிப் பார்த்தாள். சிவப்பு இன்னும் பரவியது. அழுத்தித் தேய்த்தால் பெயின்டும் கூடவே வந்துவிடும்.

"இதைப் போயி எப்படீங்கண்ணா அவங்க கண்ணுல காட்டறது?" என்று அப்பாவிடம் கேட்டாள் அத்தை.

ஐந்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். அத்தை எதையும் மறைக்கவில்லை. விமானத்தை அடிப்பலகையோடு, சுண்டைக்காய்களும் இருந்தபடியே மேசைமேல் வைத்து, தவறு நடந்துவிட்டது, வேறு செய்து தருகிறேன் என்றாள். பார்த்த மாத்திரத்தில் அந்த ஐயா பின்னால் நகர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா அசையவே இல்லை. ஒரு பொட்டுக்கா இத்தனை என்று எனக்கு ஒரே திகைப்பு. யார் வைத்தது என்று அந்த அம்மாதான் கன்னடத்தில் கேட்டார். என் அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து "நானு" என்றேன்.

அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, சுண்டைக்காய் எதற்கு என்று கேட்டார். எனக்குத் தமிழைவிடக் கன்னடம் நன்றாக வரும். எலுமிச்சம்பழம் ரொம்பப் பெரிது, அதனால்தான் இது என்று விளக்கினேன். இப்போது இதன்மேல் ஏற்றி ஓட்ட வேண்டும் என்றும் சொன்னேன். அவர் ஒரு விரலால் விமானத்தை மெல்லத் தள்ளினார். காய்கள் நசுங்காமல் உருண்டு ஓடின. பரவாயில்லை, அதுவே போதும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். பிறகு, அப்பா வருஷா வருஷம் ஆட்டோவைத் தட்டிச் சொல்வதை அப்படியே கன்னடத்தில் சொன்னேன்.

"இன்னு ஏனூ ஆகல்ல, ஆன்ட்டி."

இனிமேல் ஒன்றும் ஆகாது.

அம்மா தன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயா விறுவிறுவென்று வாசலுக்குப் போய்விட்டார். அந்த அம்மாவிடமிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. அத்தை பதறிப்போய்ப் பஞ்சை எடுத்தாள். "பேடா, ஹாகே இர்லி" என்று தடுத்த அவர், வேண்டாம், இருக்கட்டும் என்று விமானத்தைப் பொட்டோடு நெஞ்சில் அணைத்து எடுத்துக்கொண்டார்.

போட்டோவில் சிரித்த அண்ணன் அவர்களுடைய ஒரே மகன். அவர் அந்த விமானத்தோடு விழுந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று என்னிடம் மட்டும் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து அத்தை சொன்னபோது, நான் உதிர்த்த அந்த வாக்கியம்தான் முதலில் ஞாபகம் வந்தது.

ஆனால் அந்தச் சாயங்காலம், தப்பித்துவிட்ட சந்தோஷத்தில் அவர்களுக்கு முன்னால் தெருவுக்கு ஓடினேன். அங்கே நின்ற ஸ்கூட்டர், ஆட்டோ, தண்ணீர் கேன் வண்டி எல்லாவற்றிலும் சாமந்தி மாலை தொங்கியது. அவர்கள் கார் மட்டும் ஒரு பூவோ ஒரு பொட்டோ இல்லாமல் மொட்டையாக நின்றது. பாவம், வேலை மும்முரத்தில் பூஜை போட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் குங்குமம் மிச்சமிருந்தது. விரலில் தொட்டுக்கொண்டு காரை நெருங்குவதற்குள் அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை.