தோற்க வேண்டி ஒரு நேர்ச்சை

கீழக்கரையில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வருவார். வீடும் பெண் பேரில்தான் இருக்கும். அந்த ஊர்ப் பெண்ணான பஸீலா டெக்சாஸுக்குப் படிக்க வந்த இடத்தில் மஹ்பூப் என்ற வங்கதேசத்துக்காரனை விரும்பினாள். அவளுடைய வாப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "எம் மவ உங்க ஊருக்குக் குடித்தனம் வரமாட்டா." மஹ்பூப் சிரித்தபடி தலையாட்டினான். காதலிக்கிறவன் எதற்குத்தான் தலையாட்ட மாட்டான்? டெக்சாஸிலேயே ரிச்சர்ட்சனில் வாங்கிய வீட்டை அவள் பேரிலேயே எழுதவும் செய்தான்.

வீடு அவளுடையது, டெலிகாம் கம்பெனியில் நல்ல வேலை, கார் ஓட்டத் தெரியும். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நிம்மதியாக இருந்தவளை, எங்கோ இருந்த டாக்கா வந்து பிடித்தது. அங்கே பட்டாளத்தின் பின்பலத்தோடு இரண்டு வருஷம் அவசரநிலை நடந்தது. மஹ்பூபின் தந்தை நூல் மில் முதலாளி, பழைய எம்.பி.; அவரையும் பிடித்துச் சில மாதம் உள்ளே வைத்தார்கள். 2008 கடைசியில் மக்களாட்சிக்குத் திரும்பத் தேர்தல் வந்தது. மனிதர் மறுபடி நின்றுவிட்டார். மகனிடம் போனில் சொன்னார்: "நான் ஜெயிச்சா பார்லிமென்டே கதின்னு கிடக்கணும். மில்லை நீ வந்து பாரு."

மஹ்பூப் சரி என்றுவிட்டான். வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கை அவள் நினைவூட்டியபோது, ஜெயிலில் இருந்து வந்த மனுஷனிடம் எப்படி மறுப்பது என்று கேட்டான். பாஷை தெரியாத ஊரில், இன்னொருத்தியின் சமையலறையில், கைகட்டி நிற்கப் பிறந்தவளா அவள்?

வேறு மாநிலத்தில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்த அக்கா இஸ்ரத்துக்குப் போன் போட்டாள்.

"ராத்தா, மாமா ஜெயிச்சா நான் வேலைய ரிசைன் பண்ணிட்டு அங்க போணுமாம்."

"தோத்துட்டா?"

"அவரே மில்லப் பாத்துக்குவாராம். நாங்க இங்கயே இருக்கலாம்."

"அப்ப தோக்கட்டும்னு துஆ பண்ணு, முடிஞ்சுது கதை."

இஸ்ரத் வேடிக்கையாகத்தான் சொன்னாள். பஸீலா வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு, மாமா தோற்றால் ஏர்வாடி தர்கா பேரில் நெய்ச்சோறு ஆக்கி பாத்திஹா ஓதுவதாக நேர்ந்துகொண்டாள். போனில் எப்போதும் "சாப்பிட்டியாம்மா?" என்று முதலில் கேட்கிற மனுஷன் அவர். அதை நினைத்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நேர்ச்சையை மாற்றிக்கொள்ளவில்லை.

டிசம்பர் இருபத்தொன்பது, டெக்சாஸில் விடிந்தபோது அங்கே எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. மாமா படுதோல்வி. மஹ்பூப் லேப்டாப்பை மூடிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போனான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று பஸீலா சோபாவில் சாய்ந்து கொஞ்சம் அழுதாள். எல்லாம் சந்தோஷத்தில்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். நேர்ச்சைக் கடனைத் தள்ளிப்போட்டால் கெடுதல் என்று வளர்ந்தவளாயிற்றே. அன்றைக்கே அடுப்பைப் பற்றவைத்தாள். மத்தியானம் திரும்பிய மஹ்பூபுக்கு வாசலிலேயே நெய் மணந்தது.

"இன்னிக்கா விருந்து?" என்றான் ஆங்கிலத்தில்.

"விருந்து இல்ல. நேர்ச்சை."

அவன் கைகழுவி, தலையில் தொப்பி வைத்துக்கொண்டு சட்டி முன்னால் உட்கார்ந்தான். பாத்திஹா ஓதக் கையேந்திய பிறகு அவளைப் பார்த்தான். "எதுக்காக நேந்துக்கிட்ட? சொன்னாத்தானே ஓத முடியும்?"

பஸீலா சட்டியின் மூடியை எடுத்து மறுபடி மூடினாள்.

"மாமா ஜெயிக்கணும்னு," என்றாள். "தோத்தாலும் நேந்தது நேந்ததுதானே."

மஹ்பூப் ஓதி முடிக்கவில்லை. பாதியிலேயே குழந்தை போல அழுதான். அழுதுகொண்டே அவன் அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து எல்லாவற்றையும் சொன்னான். மாமியும் பஸீலாவும் பேசிக்கொள்வது டி.வி. சீரியல் பார்த்துக் கற்ற அரைகுறை இந்தியில். அன்று மாமிக்கு அதுவும் சரியாக வரவில்லை.

"மில்லை மூடச் சொல்லிட்டார்மா. சாயங்காலத்துல இருந்து கதவைச் சாத்திக்கிட்டுக் கிடக்கிறார், தண்ணிகூடக் குடிக்கல. தோத்த பிறகும் நேர்ச்சை செலுத்துற மருமக எந்த வீட்டுல இருக்கா? நீ வந்து சோறு போட்டா அவர் சாப்பிடுவார். எங்களோடயே வந்து இருந்துடுவியாம்மா?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வரமாட்டேன் என்று சொல்லும் மருமகளாக இருக்கலாம்; ஆனால் ஏன் என்று கேட்பார்கள். இப்போது அவளை மகராசி என்று கொண்டாடுகிறவர்களிடம் உண்மையைச் சொன்னால், தன் பேரில் இருக்கும் இந்த வீட்டிலும் அவள் தனியாகத்தான் இருக்க வேண்டிவரும். மஹ்பூப் ஈரக் கண்களோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லாமல் விட்டால் டாக்கா.

"வர்றேன் மாமி," என்றாள் பஸீலா.