கவசத்துக்கு ஜைத்தூன் எண்ணெய்

வெள்ளி நிறம் என்று ஒரு நிறமே கிடையாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு டப்பா கேட் பெயிண்டும் ஒரு வீரனின் மூக்கும் செலவாயின.

வீரன் என்றால் சுண்டுவிரல் உயரம். ரெசினில் வார்த்த பொம்மை. தலைமுதல் கால்வரை தகட்டுக் கவசம், கையில் வாள், தோளில் ஒரு போர்வை. வளைகுடாவில் வேலை பார்க்கும் என் தம்பி கொண்டுவந்தவன். ஊரில் எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் லீவுக்கு வரும்போது சோப்பும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். இவன் ஒரு அட்டைப் பெட்டி நிறையச் சாம்பல் நிறப் பொம்மைகளைக் கொண்டுவந்து இறக்கினான். அங்கே வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்ட பிறகு, அறைத் தோழர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்களாம். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அந்தக் கதைக்குள் போவார்கள், பகடை விழுவதைப் பொறுத்து ஜெயிப்பதும் சாவதும். அதற்குத்தான் இந்தப் பொம்மைகள்.

"நீதான் லாத்தா கலர் அடிக்கணும்" என்றான். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்போம். கீழ்வேளூருக்குப் பக்கத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மணப்பெண்ணுக்கு மருதாணி வைக்க என்னைக் கூப்பிடுவார்கள். என் கை நடுங்காது. வாய்தான் சும்மா இருக்காது. என் வீட்டுக்காரரும் வெளிநாட்டில் இருக்கிறார். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகும் நான் உம்மா வீட்டில்தான். மத்தியானப் பொழுதுகள் என்னிடம் நிறைய இருந்தன. சரி என்றேன்.

எடுத்த எடுப்பில் கேட்டுக்கு அடித்து மிச்சம் இருந்த அலுமினியப் பெயிண்டை எடுத்தேன். கவசம் என்றால் இரும்பு, கேட்டும் இரும்பு, அவ்வளவுதான் என் கணக்கு. பெயிண்ட் தடியாக வழிந்து, கவசத்தின் சங்கிலி வளையங்களை மூடி, முகத்தில் இறங்கி மூக்கையும் விழுங்கிவிட்டது. தம்பி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கேட்டு நல்லாருக்கு லாத்தா" என்றான்.

அவன் இப்படித்தான். வீட்டுக்குள் என்றால் முகம் மாறாமல் ஒன்று சொல்லி நம்மைச் சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடுவான். வெளியாள் ஒருவர் வந்துவிட்டால் போதும், வாயில் கொழுக்கட்டை.

அடுத்து ஃபேன்சி ஸ்டோரில் துணிக்கு அடிக்கும் வெள்ளிச் சாயம் வாங்கினேன். அதில் ஜிகினா. வீரன் கல்யாண மேடைக்குப் போகிறவன் மாதிரி மினுக்கினான். கடைசியில் தம்பியே ஆன்லைனில் இந்தப் பொம்மைகளுக்கென்று செய்கிற பெயிண்டைத் தருவித்தான். சொட்டு மருந்துக் குப்பி மாதிரி சின்னச் சின்னக் குப்பிகள். வெள்ளியிலேயே எத்தனை வகை என்று பார்த்து எனக்குத் தலை சுற்றியது. துப்பாக்கி இரும்பு என்கிறான், எஃகு என்கிறான், தேய்த்த வெள்ளி என்கிறான். எல்லாம் ஒன்றுதானே என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டேன்.

சண்டையைத் தீர்த்தது உம்மாவின் எவர்சில்வர் சொம்பு. ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்தது. வெயில் பட்ட இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அதையொட்டிக் கன்னங்கரேல் என்று ஒரு பட்டை. நடுவில் சாம்பல், அடியில் தரையின் சிவப்பு. வெள்ளி நிறம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்தச் சொம்பில் எங்குமே இல்லை. பளபளப்பு தெரிய வேண்டுமானால் பக்கத்தில் கறுப்பு இருக்க வேண்டும். இது தெரியாமலா இத்தனை வருஷம் பாத்திரம் துலக்கினேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு வேலை பிடிபட்டது. முதலில் முழுக்கக் கறுப்பு. அதன் மேல் இருண்ட இரும்பு நிறம், தண்ணீர் கலந்து மெலிசாக. தகடுகள் சேரும் இடுக்கில் நீர்த்த பழுப்பை ஓடவிட்டால் அழுக்கும் நிழலும் தானே வந்துவிடும். பளிச்சென்ற வெள்ளியை விளிம்பில் மட்டும், மருதாணிக் கூம்பால் இலை நரம்பு இழுக்கிற அளவுக்கு மட்டும் இழுப்பேன். தங்கத்துக்குப் புதுக் கடை மஞ்சள் வேண்டாம் என்று, என் பழைய வளையலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்சம் செம்பு கலந்தேன். உலோகப் பெயிண்ட் தொட்ட தூரிகையைத் தனித் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து அடிக்கும் முகத்தில் மினுமினுப்பு ஒட்டிக்கொள்ளும். உம்மாவுக்கு இதெல்லாம் அரை மனசுதான். "உருவம் எதுவும் நான் தொழுவுற ரூமுக்குள்ள வரக்கூடாது" என்று ஒரே ஒரு சட்டம் போட்டார். நாங்கள் மீறவில்லை.

இத்தனைக்கும் நடுவில் தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. ஒரு வீட்டில், லீவு நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு இவன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். வயசுக்கேற்ற புத்தி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வீட்டுத் தெருவழியாகப் போவதையே விட்டுவிட்டேன். இவன் கோபப்படவில்லை. அடுத்த இடத்தில் அதே கேள்விக்கு, கிரிக்கெட் பார்ப்பேன் என்றான். கிரிக்கெட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட அவனுக்குச் சரியாகத் தெரியாது. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. பிடித்த ஒன்றை மறைத்துவைத்துக்கொண்டு ஒருத்தியோடு காலம் முழுக்க எப்படி இருப்பான்?

மூன்றாவது இடம் நாகப்பட்டினத்தில். பெண் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அவளுடைய வாப்பா அதே கேள்வியைக் கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். கிரிக்கெட் என்று மட்டும் சொல்லிவிடாதே என்று நான் கண்ணை உருட்டினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பகடை, கதை, பொம்மை எல்லாவற்றையும் சொன்னான். யாரோ ஒருவர் டீ நன்றாக இருக்கிறது என்றார்.

உள்ளறை வாசலில் நின்ற பெண்தான் பேசினாள். "அத ஒண்ணு கொண்டாந்து காட்டச் சொல்லுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

கிண்டலா, நிஜமா என்று அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் தம்பி, தான் எப்போதும் விளையாடும் வீரனை, பெட்டியிலேயே அழகானவனை, எடுத்து என் முன்னால் வைத்தான். "இத நல்லா பண்ணிக் குடு லாத்தா. அவங்க சிரிச்சிட்டாங்கன்னா நான் இத்தோட இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்." விளையாட்டைச் சொன்னானா, கல்யாணத்தைச் சொன்னானா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த வாரம் நான் செய்த வேலையை நானே மெச்சிக்கொள்ள வேண்டும். மார்புத் தகட்டில் வானத்தின் வெளிச்சம் தெரிந்தது. முழங்கால் மூடியில் ஒரு வாள்வெட்டுத் தழும்புகூட இழுத்தேன். சனிக்கிழமை காலை பாக்கி இருந்தது வார்னிஷ் மட்டும்தான். கை பட்டுப் பெயிண்ட் உரியாமல் இருக்கக் கடைசியில் அடிக்கும் ஸ்ப்ரே அது. காற்றில் ஈரம் இருந்தால் அடிக்கவே கூடாது, வெள்ளையாகப் பூத்துப்போகும் என்று தம்பி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். மார்கழியில் மழை தூறிய நாளெல்லாம் அதனால்தான் நான் ஸ்ப்ரேயைத் தொட்டதே இல்லை. இதுவோ தை மாதம். சுள்ளென்று வெயில். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. மொட்டைமாடிக்குப் போய் நிம்மதியாக அடித்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரைஸ் மில். சம்பா அறுப்பு முடிந்திருந்தது, நெல் அவிக்கிற நாட்கள். பிறந்ததிலிருந்து அந்த வாசனையிலேயே வளர்ந்ததால் அது என் மூக்கில் ஏறுவதே இல்லை. மழைக்கு அத்தனை பயந்தவள், மில் குழாயிலிருந்து வெள்ளையாகக் கிளம்பி எங்கள் மாடியைத் தடவிக்கொண்டு போன ஆவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் வெயில், எங்கள் மாடியில் மட்டும் ஈரம்.

காய்ந்த பிறகு போய்ப் பார்த்தால், கவசம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடந்தது. வானமும் இல்லை, வெட்டுத் தழும்பும் இல்லை. அப்படியே தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். மறுபடி கறுப்பிலிருந்து தொடங்க நேரம் கிடையாது. தம்பி மிட்டாய் வாங்க நாகப்பட்டினம் போயிருந்தான். வந்தால் என்ன பதில் சொல்வது?

மாவு மாதிரி ஒட்டியிருக்கிறது, கழுவினால் போய்விடும் என்ற நப்பாசையில் குழாயடியில் காட்டினேன். போய்விட்டது. இரும்பு கறுப்பும் வெளிச்சமுமாகப் பழையபடி நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று துணியால் ஒற்றி வைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் காய்ந்து, வெள்ளை மெல்லத் திரும்பி வந்தது. மறுபடி நனைத்தேன். போனது. காய்ந்தது. வந்தது.

இரண்டாம் தடவை அழுகை வரவில்லை, யோசனை வந்தது. நனைந்திருக்கும்வரை நன்றாக இருக்கிறது. அப்படியானால் காயாத எதையாவது வைத்து நனைக்க வேண்டும். காயாதது எண்ணெய். சமையலறையில் இருந்த நல்லெண்ணெய்க்கு நிறம் இருந்தது. தேங்காயெண்ணெய் தைப் பனிக்குக் கட்டியாகிவிடும். பிறகுதான் உம்மாவின் அலமாரி ஞாபகம் வந்தது. வளைகுடாவிலிருந்து யார் வந்தாலும் உம்மாவுக்கு ஒரு டின் ஜைத்தூன் எண்ணெய் கட்டாயம். கடையில் ஆலிவ் என்பதைத்தான் நாங்கள் ஜைத்தூன் என்போம். எங்கள் பக்கத்து வயசானவர்கள் எல்லோரையும் போல உம்மாவும் அதை ராத்திரியில் முட்டி வலிக்குத் தேய்த்துக்கொள்வார், கொஞ்சம் ஓமம் போட்டுக் காய்ச்சி.

காய்ச்சி வைத்திருந்த குப்பியிலிருந்து தூரிகையில் ஒரு துளி தொட்டு மார்புத் தகட்டில் தடவினேன். வெளுப்பு விலகி இரும்பு எழுந்து வந்தது. ஊதிப் பார்த்தேன். மின்விசிறிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். உம்மாவின் பழைய மல் துணியால் மிச்ச எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு, அடுப்பில் சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தேன். வெள்ளை திரும்பவில்லை. எனக்கு அந்த நேரத்தில் இருந்த சந்தோஷத்துக்கு மில்காரரையே மன்னித்துவிட்டேன். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

"என் எண்ணெய எவ எடுத்தா?" என்று உம்மா கூடத்திலிருந்து கேட்டார்.

"உங்க மவன் கல்யாணத்துக்குத்தான் உம்மா" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

தம்பி வந்ததும் மறைக்காமல் சொன்னேன். அவன் வீரனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. பிறகு மூக்கருகே கொண்டுபோனான். முகம் சுருங்கியது. ஓம வாசனை. "ஜன்னல்ல வச்சா காத்துல போயிடும்" என்றேன். போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் தம்பி பஞ்சு சுற்றிய சின்ன டப்பாவைத் திறந்து கொடுத்தான். பெண் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வேலை செய்யும் இடத்தில் கண்ணாடித் தகட்டைப் பிடிப்பது இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. விரல்நுனியால் விளிம்பை மட்டும் பிடித்து, வெளிச்சத்துக்குக் காட்டி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். மார்புத் தகடு மின்னியது. முழங்கால் தழும்பில் அவள் கண் நின்றது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் அவள் கேட்டாள். "இவருக்கும் முட்டி வலியா?"

சிரிப்பதா வேண்டாமா என்று அவளுடைய வாப்பா எங்களைப் பார்த்தார். என் தம்பி தரையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்து, வீட்டில் என்னிடம் பேசுகிற அதே குரலில், முகம் மாறாமல் சொன்னான்.

"கவசம் கனமுல்ல. வெள்ளிக்கிழமகூட ரெஸ்ட்டு கெடையாது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், விஷயம் புரியாத உம்மா உட்பட. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, டீ சூடு என்று சொன்னேன். அது ஆறிப்போய் வெகு நேரமாகியிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் பெண் உள்ளே போனாள். நாங்கள் மிட்டாய் சாப்பிட்டோம், யார் யாருக்குச் சொந்தம் என்று பேசினோம், சலாம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். காரில் ஏறியதும் உம்மா என் கையைச் சுரண்டினார்.

"ஏன்டி, அந்தப் புள்ள பொம்மைய உள்ள எடுத்துட்டுப் போனிச்சே. டப்பாவத்தானே குடுத்து வுட்டாங்க. திருப்பிக் கேக்கலியா?"

முன் சீட்டில் தம்பி காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது.

"தர மாட்டா உம்மா" என்றேன்.