ஆரஞ்சு மூடி ஊசி

என் மகளுக்கு ஏழு வயதில் சர்க்கரை நோய் வந்தது. ஒரு மாதமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள், உடம்பு இளைத்தது. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பத்து நாள் மருத்துவமனையில் இருந்தோம். அனுப்பும் முன் நர்ஸ் இன்சுலின் ஊசி போடுவதை இரண்டு முறை செய்து காட்டி, மருந்து பாட்டிலையும் ஒரு வாரத்துக்கு ஊசிகளையும் கொடுத்தார்.

அங்கே தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் எனக்கு வேலை. நாள் முழுக்கச் சின்னச் சின்ன ஒயர் முனைகளைச் சொருகும் எனக்கு, மகளின் வயிற்றைப் பார்த்ததும் எங்கே, எப்படிக் குத்துவது என்று மறந்துபோனது. போனில் வீடியோ தேடினேன்.

ஒன்றில் டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார், ஊசியை எடுக்கவே இல்லை. ஒன்றில் பாட்டுச் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. ஒருவர் சட்டை மேலேயே குத்தலாம் என்றார், இன்னொருவர் கூடவே கூடாது என்றார். கடைசியில் ஒரு அம்மா போட்ட வீடியோ கிடைத்தது. நல்ல வெளிச்சம், நிதானமான தமிழ். தோலை மடித்துப் பிடிப்பதையும், மருந்தை இறக்கிவிட்டுப் பத்து எண்ணுவதையும் கிட்டத்தில் காட்டினார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் என் கை பழகியது.

மருத்துவமனை தந்த ஊசிகள் தீர்ந்ததும், அந்த வீடியோவில் இருந்தது போல ஆரஞ்சு மூடி ஊசி வேண்டுமென்று மெடிக்கலில் கேட்டு வாங்கினேன். முன்பு போட்டதற்குச் சிவப்பு மூடி. மூடியின் நிறத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே சர்க்கரை ஏறியது. முந்நூறு, பிறகு முந்நூற்று ஐம்பது. மருந்தை எப்போதும் போல எட்டாம் கோடு வரைதான் எடுத்தேன். அதனால் சந்தேகம் மகள் மேல் போனது.

"இன்னா துன்ன? உண்மைய சொல்லு."

"ஒண்ணும் துன்னலம்மா."

"பக்கத்து வூட்டு அக்கா பிஸ்கட் குடுத்தாங்களா?"

அழுதாள். நான் விடவில்லை. பக்கத்து வீட்டுக்கே போய், இனி என் பிள்ளைக்கு எதையும் தராதீர்கள் என்று கத்திவிட்டு வந்தேன். என் கணவர் திருநெல்வேலிக்காரர். ஷிப்ட் முடிந்து வந்தவர், "பிள்ளைய ஏன் ஏசுத? தின்னுருந்தா தின்னேன்னு சொல்லிரும்" என்றார். அவரிடமும் எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் நாள் லீவு போட்டு மருத்துவமனைக்குப் போனோம். அதே நர்ஸ், தன் எதிரில் ஊசி போடச் சொன்னார். உறையைப் பிரித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாட்டில்ல என்ன போட்டிருக்கு, படிம்மா."

"நாப்பது."

"ஊசியில?"

நூறு. நாற்பது என்று போட்ட பாட்டிலில் மருந்தின் வீரியம் குறைவு, அதற்குச் சிவப்பு மூடி ஊசி. நூறு ஊசியில் கோடுகள் நெருக்கமாக இருக்கும். இந்த ஊசியில் எட்டாம் கோடு வரை எடுத்தால் பாதி மருந்துகூட உள்ளே போகாது என்றார். "இதுவே மாறி நடந்திருந்தா, மருந்து அதிகமாகி புள்ளைக்கு உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்."

அந்த வீடியோவைக் காட்டினேன். முழுதும் பார்த்தார். "நல்லாதான் சொல்லிருக்காங்க. அவங்களோடது நூறு பாட்டில். அத ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்."

திரும்பும்போது பஸ்ஸில் மகளிடம், "நான்தான் தப்பு பண்ட்டேன். நீ ஒண்ணும் துன்னல" என்றேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வல்லக்கோட்டை தாண்டியதும், "அக்காவ திட்டினியே, அவங்ககிட்டயும் சொல்லு" என்றாள். இறங்கியதும் நேராக அங்கேதான் போனேன். அந்தப் பெண் காபி கொடுத்தாள். ஆனால் பழையபடி பேச ஒரு மாதமாயிற்று.

சிவப்பு மூடி ஊசிக்குத் திரும்பிய நாலைந்து நாளில் சர்க்கரை இறங்கியது. அந்த வீடியோவின் கீழே, பாட்டிலிலும் ஊசியிலும் ஒரே எண் இருக்க வேண்டும், அதைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்று எழுதினேன். "நன்றி சகோதரி" என்று பதில் வந்தது. வீடியோ அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எந்த ஊர் என்றே தெரியாத ஒரு தகப்பன் நான் எழுதியதற்குக் கீழே எழுதியிருந்தார்: "இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். எங்கள் பாட்டில் நாற்பது, ஊசி நூறு. டாக்டரிடம் கிளம்பிக்கொண்டிருக்கிறோம்."